எட்டுக் குச்சி

பொன்னையாற்று மேட்டில் ஒரு ஏக்கர்,
குத்தகை.
பார் பிடித்தாயிற்று.
விதைக்கரணை வண்டி வெள்ளிக்கிழமை வருமென்று
ஆலையிலிருந்து சீட்டும் வந்தாயிற்று.

"மண்ணுக்குள்ள கீறவன் பசியில இருப்பான்.
முதல்ல அவனுக்குச் சோறு போடு,
எத்தினி பேர் வர்றான்னு ஒரு வாரம் கழிச்சி எண்ணு,
அப்புறம் கரணையை எறக்கு."
வண்டியை அணைக்காமலே சொல்லிவிட்டுப் போனார்
ஆலையின் களப்பணியாளர் ஞானவேலு.

எட்டுக் குழி. ஒரு சாண் ஆழம்.
முளைகட்டிய சோளம் ஒரு பிடி,
மேலே உருளைக்கிழங்கு அரைத்துண்டு,
வெட்டுமுகம் கீழே.
மூடி, அடையாளத்துக்கு ஒரு குச்சி.
குச்சி நுனியில்
பழைய பாவாடையில் கிழித்த சிவப்புத் துணி.

பகலெல்லாம் ராணிப்பேட்டையில்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
எனக்கு வாய்ப்பது பொழுது சாய்ந்த பிறகுதான்.
அன்றைக்கு அமாவாசை என்பதற்கு
நான் என்ன செய்ய?

மூன்றாம் நாள்
எத்திராஜின் எருமைக்கு மடி வற்றிற்று.
ஐந்தாம் நாள்
ஆள் இரண்டு பேரோடு வரப்பில் நின்றார்,
சட்டைப்பையில் எலுமிச்சம்பழம்
புடைத்துக்கொண்டு.

"இன்னா பொதைச்சே அஞ்சலாட்சி?"
"சோளம்."
"யார் பேருக்கு?"
"வேர்ப்புழு பேருக்கு."
ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்,
இப்போது தோண்டினால் கணக்குக் கெடும் என்றேன்.
கணக்கு என்ற சொல்லுக்கே
ஓரடி பின்வாங்கினார்கள்.
சரி, மண்வெட்டியை எடுத்தேன்.

முதல் குழியில் சோளம் அப்படியே.
இரண்டாவதை எறும்பு கொண்டுபோயிருந்தது.
மூன்றாவதில் ஒரே ஒரு கம்பிப்புழு,
அறுந்த செம்புக்கம்பி போல விறைத்து.
நான்கில் ஒன்றுமில்லை.
ஐந்தில் கிழங்கைச் சுற்றிக் கரையான் கட்டிய சந்துபொந்து.

ஆறு, ஏழு, எட்டு
எத்திராஜின் வரப்போரம்.
அங்கே ஒரு வேம்பு. மரம் அவருடையது,
நிழல் என் பக்கம்.
ஆடி மழை விட்ட ராத்திரிகளில்
அதன் இலையைத் தின்ன வண்டு அடையும்;
தின்றுவிட்டு இறங்குவதும் என் பக்கம்தான்.

ஆறில் நாலு.
ஏழில் ஏழு.
எட்டாவதில் மண்ணைப் புரட்டியதும்
கூட வந்த ஒருவர் "அய்யோ" என்றார்.
தேங்காய்ப்பால் நிறம், பழுப்புத் தலை,
வளைந்து சுருண்ட உடம்பின் வால்பக்கம் மட்டும்
தின்ற மண் கறுப்பாய்த் தெரிந்தது.
ஒவ்வொன்றாய்த் தூக்குவாளியில் போட்டேன்.
பதினொன்று.

எத்திராஜ் குந்தி உட்கார்ந்து வாளிக்குள் பார்த்தார்.
எலுமிச்சம்பழத்தை எடுத்தார்,
உருட்டிப் பார்த்தார்,
திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.
"என் கொல்லைலயும் இது கீதா?"
"தோண்டாம எப்படித் தெரியும்?"

ராத்திரி விளக்கடியில் படிவம் நிரப்பினேன்.
குழி எட்டு, புழு இருபத்திமூன்று,
சராசரி மூன்றுக்குச் சற்றுக் கீழே.
படிவத்தின் பின்பக்கக் கட்டத்தில்
அது பயமில்லாத எண்.
ஆனால் சராசரியில் யாரும் கரும்பு நடுவதில்லை,
கரணை போய்ப் படுப்பது
ஏதோ ஒரு குழியின் பக்கத்தில்தான்.
எண்ணுக்குக் கீழே
வேப்பமரத்தை வரைந்து காட்டினேன்.

வண்டியைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு
அந்த மூலையை மட்டும் மறுபடி உழுதேன்.
கொக்குகள் கலப்பைக்குப் பின்னால் வந்தன.
அவை எண்ணவில்லை.

திங்கட்கிழமை வேலை விட்டுத் திரும்புகையில்
பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
எத்திராஜ் கொல்லையில்
வேட்டிக்கரை கட்டிய குச்சிகள்.
ஏழு வரைக்கும் எண்ணினேன்.
எட்டாவது வேம்படியில் இருக்கலாம்,
அதற்குள் இருட்டிவிட்டது.